சனிக்கிழமைத் தந்தி

என் மனைவியின் அண்ணன் தரைப்படையில் லெப்டினன்ட் கர்னலாக இருந்தார். அதற்கு அடுத்த படி கர்னல். கர்னல் ஆனால்தான் ஒரு பட்டாலியனை நம்பி ஒப்படைப்பார்கள். இருபது வருடம் அவர் வேலை பார்த்தது அதற்காகத்தான் என்று அவரே சொல்லியிருக்கிறார். தேர்வுக் குழு ஓர் அதிகாரியின் கோப்பை மூன்று முறைதான் பார்க்கும். மூன்றிலும் தேறாதவர், தனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் மேலே ஏறிப் போவதைப் பார்த்துக்கொண்டு, ஓய்வு பெறும்வரை அதே பதவியில் இருக்க வேண்டியதுதான்.

அவர் இரண்டு முறை தேறவில்லை. மூன்றாவது முறைக்கு முன்னால், மேலதிகாரி தன்னைப் பற்றி வருடாவருடம் எழுதும் இரகசிய அறிக்கைகளில் பழையது ஒன்றில் இருந்த ஒரு வரியை நீக்கக் கோரி அரசுக்கு மேல்முறையீடு செய்தார். அதற்கு என் டைரியின் ஒரு பக்கம் தேவைப்பட்டது.

டைரி எழுதுவது எனக்குப் பதினெட்டு வயதிலிருந்து பழக்கம். மனதில் இருப்பதையெல்லாம் கொட்டுகிற டைரி இல்லை. மணி, இடம், நடந்தது, அவ்வளவுதான். உறவில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் ஜாதகம் எழுதப் பிறந்த நேரம் என்னிடம்தான் கேட்பார்கள். மாமனாரின் அண்ணனை நாங்கள் எல்லோரும் பெரியப்பா என்று கூப்பிடுவோம். அவர் ஒரு கல்யாணத்தில் என்னைக் காட்டி, "இவுரு செத்தா சாவுத் தேதிய யாரு எழுதுவாங்கன்னுதான் கவலையா இருக்குது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் உள்ளூரப் பெருமைதான்.

நான் விருத்தாசலம் செராமிக் பேட்டையில், மின்சார ஃப்யூஸ் கட்டைகள் செய்யும் ஒரு சிறு ஆலையில் சூளை மேற்பார்வையாளன். சூளை பற்ற வைத்தால் அணைக்கும்வரை அரை மணிக்கு ஒரு தடவை வெப்ப அளவைப் பார்த்துத் தாளில் எழுத வேண்டும். எங்கள் பேட்டையில் ஒரு வழக்கம் உண்டு. சாப்பிடப் போகும்போதும் டீக்குப் போகும்போதும் அடுத்த இரண்டு கட்டங்களை முன்கூட்டியே நிரப்பிவிட்டுப் போவோம். சூளை எப்படி ஏறும் என்பது தெரிந்ததுதானே. திரும்பி வந்து பார்த்தால் வெப்பமானியின் முள் நாங்கள் எழுதிய எண்ணுக்குப் பக்கத்தில்தான் நிற்கும். இதைப் பொய் என்று யாரும் நினைத்ததில்லை. நானும் நினைக்கவில்லை. சொல்லப்போனால், எழுதிய எண்ணும் முள்ளும் ஒத்துப்போவதை வைத்துத்தான் ஒரு மேற்பார்வையாளனின் கைத்தேர்ச்சியை மதிப்பார்கள்.

மேல்முறையீட்டுக்கு ஏழு வருடங்களுக்கு முன்னால் என் மாமனார் இறந்தார். அவர்கள் ஊர் மங்கலம்பேட்டைக்குப் பக்கத்தில். மச்சான் அப்போது மேஜர், வடக்கே எல்லை முகாமில் இருந்தார். ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருந்தோம். மறுநாள் சாயந்திரம் வந்து சேர்ந்து கொள்ளி வைத்தார். பதினாறாம் நாள் கருமாதி ஒரு சனிக்கிழமை. அவருடைய விடுப்பு ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. கருமாதி முடிந்ததும் கார் பிடித்து மெட்ராஸ் போய், விமானம் ஏறி, ஞாயிறு இருட்டுவதற்குள் முகாமில் ஆஜராகிவிடலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

வியாழக்கிழமை சாயந்திரம் பெரியப்பா சேத்தியாத்தோப்பிலிருந்து பஞ்சாங்கத்தோடு வந்தார். பந்தலில் உட்கார்ந்து விரலை வைத்துப் பார்த்தவர், சனிக்கிழமை பெரிய பிள்ளையான மச்சானின் நட்சத்திரம் என்றார். கொள்ளி வைத்தவனுடைய ஜென்ம நட்சத்திரத்தில் காரியம் செய்வதில்லை. இதை இத்தனை நாள் யாரும் கவனிக்கவில்லை.

"புதன்கெழம வெச்சிக்கலாம்" என்றார் பெரியப்பா.

"பெரியப்பா, எனக்கு ஞாயித்துக்கெழமையோட லீவு முடியுதுங்க."

"லீவுதான? அப்பன் செத்ததுக்கு நாலு நாளு குடுக்க மாட்டானா ஒன் கெவுர்மெண்ட்டு?"

"கேட்டா குடுப்பாங்க. கேக்காம இருந்தாத்தான் தப்பு."

"அப்ப கேளு."

வெள்ளிக்கிழமை முழுக்க மச்சான் ஊரிலிருந்த எஸ்.டி.டி. பூத்தில் உட்கார்ந்து முகாமுக்கு முயன்றார். லைன் கிடைக்கவில்லை. தந்தி கொடுக்க விருத்தாசலம் வர வேண்டும். கொள்ளி வைத்தவர் கருமாதி முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். "ரெண்டு ரூல்ஸுக்கு நடுவுல மாட்டிக்கிட்டேன் மாப்ளே" என்று சொல்லி, ஒரு தாளில் தந்தி வாசகத்தைப் பெரிய எழுத்தில் எழுதி என்னிடம் கொடுத்தார். தந்தையின் காரியம் தள்ளிப்போனதால் நான்கு நாள் விடுப்பு நீட்டிக்க வேண்டும் என்பது அதன் சாரம். "நாளைக்கு மத்தியானத்துக்குள்ள போயிடணும். லீவு முடியறதுக்கு முன்னாடி நாம கேட்டுட்டோம்ங்கறது முக்கியம். அப்பறம் அவங்க எப்பப் பாத்தாலும் பரவால்ல."

நான் தாளை மடித்து டைரிக்குள் வைத்தேன்.

மறுநாள் சனிக்கிழமை சூளை எரிந்துகொண்டிருந்தது. பன்னிரண்டே கால் மணிக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் டைரியை எடுத்தேன். ஒரு மணிக்குத் தந்தி ஆபீஸ் போவதாக இருந்தது. எழுதினேன்: "1.00. தந்தி ஆபீஸ். மச்சான் விடுப்புத் தந்தி அனுப்பியாயிற்று." சூளைத் தாளிலும் இரண்டு கட்டங்களை நிரப்பினேன். இரண்டையும் எழுதியது ஒரே பேனா, ஒரே பழக்கம்.

பன்னிரண்டு ஐம்பதுக்கு ஒரு பர்னர் அடைத்துக்கொண்டது. வெப்பம் மளமளவென்று இறங்கியது. உள்ளே இருந்த சரக்கு முழுதும் வெடித்துவிடும் நிலை. பர்னரைக் கழற்றிச் சுத்தம் செய்து மறுபடி ஏற்றி, முள் பழைய இடத்துக்கு வரும்போது மூன்று மணி. சூளைத் தாளில் முன்கூட்டி எழுதிய இரண்டு எண்களையும் அடித்துத் திருத்தினேன். டைரி பையில் இருந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு தந்தி ஆபீஸ் போனபோது மூன்று இருபது. சனிக்கிழமை கவுண்டர் இரண்டு மணியோடு சரி. எப்போதும் அப்படித்தான், எனக்கும் தெரிந்ததுதான். ஞாயிறு விடுமுறை. திங்கட்கிழமை காலை கவுண்டர் திறந்ததும் முதல் ஆளாக நின்று தந்தியைக் கொடுத்தேன். ஏற்கனவே எழுதியதுதானே என்று அன்றைய பக்கத்தில் அதை எழுதவில்லை.

சனிக்கிழமை சாயந்திரம் ஊருக்குப் போனபோது மச்சான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். சுற்றிலும் ஆட்கள்.

"போயிடிச்சா மாப்ளே?"

"ஆச்சு மச்சான்" என்றேன்.

திங்கட்கிழமை போய்விடும், ஞாயிற்றுக்கிழமை அங்கே மட்டும் யார் தந்தியைப் பிரித்துப் பார்க்கப் போகிறார்கள் என்ற எண்ணத்தில் சொன்னது. அடித்துத் திருத்த வேண்டிய வரி டைரியில் அப்படியே இருந்தது. அதற்குக் கீழே பெரியப்பா மறுபடியும் வந்து சேர்ந்த நேரத்தை எழுதினேன்.

புதன்கிழமை கருமாதி முடித்து, வியாழக்கிழமை மச்சான் முகாமில் ஆஜரானார். தந்தி புதன்கிழமை வந்ததாக மட்டும் அங்கே பதிவேட்டில் இருந்தது, அனுப்பிய தேதி அதில் இல்லை. விடுப்பு முடிந்து மூன்று நாள் கழித்து. முன்னாடியே அனுப்பியது, வழியில் தாமதமாகியிருக்கிறது என்று அவர் சொன்னதைக் கட்டளை அதிகாரி ஏற்கவில்லை. அந்த வருட இரகசிய அறிக்கையில், கண்காணிப்பு இல்லாத இடத்தில் இவரது சொல்லை முழுமையாக நம்ப இயலாது என்று ஒரு வரி எழுதினார். அப்படிப்பட்ட வரியை எழுதினால் சம்பந்தப்பட்டவருக்குக் காட்ட வேண்டும். காட்டிக் கையெழுத்து வாங்கினார். அதைப் பற்றி மச்சான் அப்போது எங்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை. மேஜரிலிருந்து அடுத்த பதவி சேவைக் காலத்தை வைத்து வந்துவிட்டது. கர்னலுக்குத்தான் அந்த வரி எழுந்து வந்து குறுக்கே நின்றது.

இரண்டாம் முறையும் தேறாத பிறகுதான் அவர் ஊருக்கு வந்தபோது சொன்னார். என் வீட்டு முன் அறையில் உட்கார்ந்து, டீயைத் தொடாமல் பேசினார்.

"தந்தி லேட்டா போனதுக்கு நான் பொய்யன். அந்தாளு எழுதிட்டாரு. ஏழு வருஷமா அத தூக்கிகிட்டுத் திரியறேன் மாப்ளே." பிறகு கேட்டார், "ஒங்க டைரில அந்த நாளு இருக்குமில்ல?"

எடுத்துக் காட்டினேன். சனிக்கிழமை, 1.00, தந்தி அனுப்பியாயிற்று. அவர் அந்த வரியின் மேல் விரலை வைத்தார். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். என் மனைவி அப்போது வீட்டில் இல்லை.

இதைப் படிப்பவர்கள் நம்புவார்களோ தெரியாது. அந்தப் பக்கத்தைக் காட்டியபோது எனக்கு மூன்று இருபது நினைவில் இல்லை. மூடிய கவுண்டர் நினைவில் இல்லை. பர்னர் அடைத்தது நினைவிருந்தது, ஆனால் அது வேறொரு நாள் என்று வைத்திருந்தேன். முப்பது வருடமாக எதை மறந்தாலும் டைரியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். டைரியில் இருப்பதே நடந்தது என்று ஆகிவிட்டிருந்தது.

கோர்ட்டுக்கு எதிரே ஒரு நோட்டரி வக்கீலிடம் பக்கத்தின் நகலையும் என் உறுதிமொழிப் பத்திரத்தையும் கொண்டுபோனோம். அவர் டைரியைப் புரட்டிப் பார்த்தார். "என்னாங்க இது, பல்லு புடுங்குனதுக்கெல்லாம் மணி போட்டு வெச்சிருக்கீங்க" என்றார். பிறகு மச்சானைப் பார்த்து, "சார், இதுக்கு மேல ஒரு சாட்சி கெடைக்காது ஒங்களுக்கு" என்றார். குறிப்பிட்ட சனிக்கிழமை ஒரு மணிக்கு நானே நேரில் சென்று தந்தியை அனுப்பினேன் என்ற வாசகத்தின் கீழே கையெழுத்துப் போட்டேன். மச்சான் என் தோளைத் தட்டினார். அவர் யாரையும் தொட்டுப் பேசுகிறவர் இல்லை.

மேல்முறையீடு போய் மூன்று வாரம் ஆனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் மனைவி மேசையைத் துடைக்கும்போது பத்திரத்தின் நகலை எடுத்துப் படித்தாள். நான் செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, சனிக்கெழமன்னு போட்டுருக்குது?"

"சனிக்கெழமதான்."

"திங்கக்கெழம இல்ல?"

"டைரில இருக்குது. போய்ப் பாரு."

"டைரில என்னா இருக்குதுன்னு எனக்குத் தெரியாது. அன்னிக்கு அப்பா வூட்ல, மாட்டுக் கொட்டாய் பக்கத்துல கூப்பிட்டுச் சொன்னீங்க. கவுண்டர் சாத்திட்டான், திங்கக்கெழம காலைல குடுத்துடறேன், அண்ணங்கிட்ட இப்ப சொல்ல வாணாம், ஏற்கனவே துக்கத்துல இருக்காருன்னீங்க. எனக்கு மறக்கல. எங்க அப்பா செத்த வாரம் அது."

அவள் சொல்லச் சொல்ல மாட்டுக் கொட்டகை வந்தது. அதன் பின்னால் சைக்கிள், மூன்று இருபது, சாத்திய கவுண்டர், எல்லாம் வரிசையாக வந்தன. ஆனாலும் அப்போது நான் சொன்னது வேறு: "ஒனக்குத்தான் தப்பா ஞாபகம் இருக்குது."

துணியை உதறிவிட்டு உள்ளே போனாள்.

ரசீதுகளை நான் மாதவாரியாகக் கம்பியில் குத்திப் பெட்டியில் வைப்பவன். அந்த மாதக் கம்பியை எடுத்தேன். தந்தி ரசீது நடுவில் இருந்தது. முத்திரையில் திங்கட்கிழமையின் தேதி கொஞ்சம்கூட மங்காமல் இருந்தது. ஏழு வருடம் ஒரே அலமாரியில், டைரிக்கும் இதற்கும் ஒரு முழ இடைவெளி.

பதினொரு நாள் நான் மச்சானிடம் சொல்லவில்லை. அந்தப் பதினொரு நாள் பக்கங்களும் என்னிடம் இருக்கின்றன. மழை பெய்த நேரம், சூளை இறக்கிய நேரம், திட்டக்குடிக்கு ஒரு துக்கத்துக்குப் போய் வந்த பஸ் நேரம் எல்லாம் இருக்கிறது. ரசீதைப் பற்றி ஒரு சொல் இல்லை. ரசீதைக் கிழித்துவிட்டால் என்ன என்று மூன்றாம் நாள் நினைத்தேன். அதுவும் அங்கே இல்லை. தந்தி ஆபீஸில் ஏழு வருடத்துப் பதிவை இன்னும் வைத்திருப்பார்களா என்று ஒருவரிடம் சாடையாக விசாரித்தேன். அதையும் எழுதவில்லை. என் மனைவி மறுபடி எதுவும் கேட்கவில்லை. சாப்பாடு போட்டாள், தண்ணீர் வைத்தாள். அண்ணன் பெயரை மட்டும் வீட்டில் எடுக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் சூளை வாசலில் நின்று செல்போனில் கூப்பிட்டேன். பர்னர் சத்தம் கேட்காத தூரத்துக்கு நடந்து போய், நடந்ததை வரிசையாகச் சொன்னேன். பன்னிரண்டே காலில் தொடங்கி ரசீதில் முடித்தேன்.

"அப்ப, நீங்க ஆச்சுன்னப்ப ஆவல" என்றார் கடைசியில்.

"ஆவல மச்சான்."

"லீவு முடியறதுக்கு முன்னாடி நான் கேக்கவே இல்ல."

"இல்ல."

லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

"அந்தாளு, அந்தக் கட்டளை அதிகாரி, போன வருஷம் செத்துட்டாரு மாப்ளே. எல்லாரும் வீட்டம்மாவுக்குக் கடிதாசி போட்டாங்க. நான் ஒரு வரி எழுதல. அவரு ரிட்டையர் ஆனப்ப விருந்துக்குப் போவல. பொய் எழுதுனவன் மூஞ்சில முழிக்க மாட்டேன்னு எல்லாரு முன்னாலயும் சொன்னேன்." பிறகு, "அவரு தனக்குத் தெரிஞ்சத சரியாத்தான் எழுதியிருக்காரு" என்றார்.

பத்திரத்தை நானே வாபஸ் வாங்குவதாகச் சொன்னேன். பிழை என்னுடையது, அவருக்குத் தெரியாது என்று எழுதிக் கொடுப்பதாகச் சொன்னேன்.

"நீங்க ஒண்ணும் எழுத வாணாம். எழுதுன வரைக்கும் போதும்" என்றார். "ரசீத மட்டும் ரிஜிஸ்டர் தபால்ல அனுப்புங்க. இன்னிக்கே. அனுப்புன அப்பறம் போன் பண்ணுங்க."

அனுப்பிவிட்டுத்தான் போன் செய்தேன். எடுக்கவில்லை. அனுப்பிவிட்டதாகச் செய்தி கொடுத்தேன்.

அவர் தன் கைப்படத் திருத்தம் எழுதி, ரசீதையும் சேர்த்து மேலே அனுப்பினார் என்பது பிறகு தெரிந்தது. அனுப்பாமல் இருந்திருக்கலாம். என் பத்திரமும் நோட்டரி முத்திரையும் கோப்பில் இருந்தன. அவற்றை யாரும் சந்தேகித்ததாகத் தெரியவில்லை. கூட வேலை பார்த்தவர்கள் அப்படித்தான் சொன்னார்களாம்.

பதில் வர எட்டு மாதம் ஆயிற்று. ஒரு பக்கம், நான்கு பத்திகள். மூன்றாவது பத்தியில், நீட்டிப்புக் கோரிக்கை விடுப்பு முடிந்த பிறகே அனுப்பப்பட்டது என்பதை மனுதாரரே ஒப்புக்கொண்டுள்ளார் என்று இருந்தது. நான்காவதில், அறிக்கையில் தலையிட முகாந்திரம் இல்லை, கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது என்று இருந்தது. அடுத்த மாதம் தேர்வுக் குழு மூன்றாவது முறையாக அவர் கோப்பைப் பார்த்தது. அதிலும் பெயர் வரவில்லை. அவரிடம் முன்பு பயிற்சி எடுத்த ஒருவர் கர்னலாகி, அவர் இருந்த இடத்துக்கே மேலதிகாரியாக வந்தார். இதை என் மனைவியிடம்தான் அவர் போனில் சொன்னார். அவள் என்னிடம் சொல்லும்போது அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

அந்த வருடம் மாமனார் திதிக்கு மச்சான் வந்தார். தலைமுடி நிறைய நரைத்திருந்தது. திதி முடிந்து இலையில் உட்கார்ந்தபோது பெரியப்பா, நடந்தது எதுவும் தெரியாமல், "என்னாப்பா, கர்னலு எப்ப?" என்று கேட்டார்.

"இல்லீங்க பெரியப்பா. அது அவ்ளோதான்."

"ஏன்? நம்ம புள்ளைக்கு என்னா கொறச்சலு?"

மச்சான் சாம்பாருக்கு இலையைக் காட்டினார். நான் என் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தள்ளி வைத்த அந்த நான்கு நாளைப் பற்றி அவர் பெரியப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னைப் பற்றியும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

புறப்படும் நாள் விருத்தாசலம் ஜங்ஷனுக்கு நான்தான் கூடப் போனேன். வண்டி தாமதம். இருவரும் பெட்டியை நடுவில் வைத்துக்கொண்டு பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கை பழக்கத்தில் டைரியை எடுத்துப் பேனாவைத் திறந்துவிட்டேன். உடனே மூடினேன். அவர் பார்த்துவிட்டார்.

"என்னா மாப்ளே, நான் ஊரு போய்ச் சேந்துட்டேன்னு எழுதியாச்சா?"

அதில் சிரிப்பு இருந்ததா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

"இல்ல மச்சான். வண்டி கெளம்பட்டும்."

வண்டி ஐம்பது நிமிடம் தாமதமாக வந்தது. பெட்டியை ஏற்றிக் கொடுத்தேன். அவர் சன்னலோரம் உட்கார்ந்து, கையை உயர்த்தாமல், "போயிட்டு வரேன்" என்று மட்டும் சொன்னார். கடைசிப் பெட்டி சிக்னலைத் தாண்டும்வரை நின்றேன். பிறகு பெஞ்சுக்குத் திரும்பி வந்து, கடிகாரத்தைப் பார்த்து, நேரத்தை எழுதினேன்.